ஒப்பந்தத்தில் ‘ஆண்டுக்கு’ என்பதை ‘மாதத்துக்கு’ என்று மாற்றச் சொல்லுங்கள்

சிறுசேரி, அம்பத்தூர் பக்கம் டேட்டா சென்டரில் ரேக் (சர்வர்களை வைக்கும் அலமாரி) வாடகைக்கு எடுக்கிறீர்களா? கையெழுத்துக்கு முன், ‘99.9% அப்டைம்’ (சேவை நிற்காமல் இயங்கும் நேரம்) என்ற வரியில் கணக்கு மாதத்துக்கா, ஆண்டுக்கா என்று பாருங்கள். ஆண்டுக்கு என்றிருந்தால் மாதத்துக்கு என மாற்றித் தரச் சொல்லுங்கள்.

ஆண்டுக் கணக்கில் 99.9% என்றால், மொத்தம் 8 மணி 45 நிமிடம் சேவை நின்றாலும் அவர்கள் ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை. அது முழுவதும் ஒரே திங்கட்கிழமை காலையில் போனாலும் அப்படித்தான். 30 நாள் மாதக் கணக்கில் அந்தச் சலுகை 43 நிமிடம்தான். அதைத் தாண்டினால் அந்த மாத பில்லிலேயே கழிவு கேட்கலாம். கழிவு எவ்வளவு என்பதையும் எழுத்தில் வாங்கிவிடுங்கள்: இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தத்தில் குறித்த தொகைதான் இழப்பீட்டின் உச்சவரம்பு.

முன்கூட்டியே அறிவித்த பராமரிப்பு நேரத்துக்கு இந்தக் கழிவு பொதுவாகப் பொருந்தாது. ‘இயற்கைச் சீற்றம்’ விதிவிலக்கும் அப்படியே. நம் ஊரில் அதைத்தான் வக்கீலிடம் காட்டி நிதானமாகப் படிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த பிறகு, வெறும் ‘மழை’ என்ற சொல்லை அங்கே விட்டுவைக்கவே கூடாது. ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்துபோனது இயற்கைச் சீற்றம் ஆகாது என்று தனியாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

இணையத்தில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ பட்டனை அழுத்தி வாங்கும் சின்ன கிளவுட் சேவைகளில் வாசகத்தை மாற்ற முடியாது. அங்கே படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது மட்டுமே வழி.