இமை வீக்கத்தின் காரணம் என் விரல் நுனியில் இருந்தது

நான்கு மாதங்களாக என் இரண்டு மேல் இமைகளும் சிவந்து தடித்தே இருந்தன. இமை விளிம்பு அழற்சி, அதாவது பிளெஃபரைட்டிஸ் என்றே நினைத்தேன். தினமும் பத்து நிமிடம் வெதுவெதுப்பான ஒத்தடம் கொடுத்து, இமை விளிம்பைத் துடைத்து வந்தேன். பலருக்கு அது நல்ல பலன் தரும். எனக்குத் துளியும் குறையவில்லை.

தோல் மருத்துவர் இமையைப் பார்த்த கையோடு என் நகங்களையும் பார்த்தார். இமை முடியின் அடியில் பொருக்கு இல்லை, எரிச்சலைவிட அரிப்புதான் அதிகம், தோல் உலர்ந்து உரிகிறது. இவை ஒவ்வாமையைக் காட்டும் அடையாளங்கள் என்றார். ஒவ்வாமை தரக்கூடிய பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட் செய்தார்கள்; முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்தார்கள். மேலும் இரண்டு நாள் கழித்து மறுபடி பார்த்தபோது, நகப்பூச்சில் சேர்க்கும் பிசின் ஒட்டிய இடம் மட்டும் சிவந்திருந்தது. நகத்தைச் சுற்றி ஒன்றும் ஆகவில்லையே என்று வியந்தேன். உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல்; நம்மை அறியாமல் விரல் பட்டாலே அதற்குப் போதும்.

நகப்பூச்சை அடியோடு நிறுத்தினேன். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது.

இடையில் வீட்டில் இருந்த ஸ்டீராய்டு களிம்பைத் தடவ எண்ணினேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். மருத்துவக் கண்காணிப்பின்றி நாள்கணக்கில் தடவினால் கண் அழுத்தம் உயரலாம். வலி, காய்ச்சல், பார்வை மங்கல் இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.