சாரல் ஊரில் அடுக்களையும் புத்தக அலமாரியும்: அடுக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ஆடி மாதத்தில் ஒரு நாள் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து பழைய அகராதியை எடுக்கப் போனேன். புத்தகம் கைக்கு வந்தது, பின்னட்டை வரவில்லை. சுவரோடு ஒட்டிக்கொண்டது. அட்டை முழுக்கச் சாம்பல் நிறத்தில் பூசணம். அதே வாரம் அடுக்களையில் உப்பு டப்பாவைத் திறந்தால் அடியில் தண்ணீர் கோத்துக் கிடந்தது. இரண்டையும் அந்தக் கோடையில்தான் படங்களைப் பார்த்து ஆசை ஆசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

செங்கோட்டை, புளியரை, தென்காசி பக்கம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இது புதிதல்ல. ஆரியங்காவு கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரலைக் கொண்டுவந்து கொட்டும். அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபர் கடைசியில் வடகிழக்கு மழை. நாம் பார்க்கும் அழகான அலமாரிப் படங்களில் இந்தக் காற்று கிடையாது. அதனால் நம் ஊரில் ஒரு பொருளை எங்கே வைப்பது என்று யோசிக்கும்போது, அதைச் சுற்றிக் காற்று போகுமா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அழகெல்லாம் அதற்கு அப்புறம்.

முதல் தவறு, டப்பாக்களை முதலில் வாங்கிவிடுவது. ஒரே அளவில் இருபது டப்பா வாங்கி வந்தால், அரைக் கிலோ டப்பாவில் ஒரு கிலோ துவரம்பருப்பு அடங்காது. மீதி பொட்டலமாகவே ஒரு மூலையில் கிடக்கும். வண்டு பிடிப்பது அந்தப் பொட்டலத்தில்தான். முதலில் இருக்கிற சாமான் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, மாதத்துக்கு எது எவ்வளவு செலவாகிறது என்று பார்த்துவிட்டு டப்பா வாங்குங்கள். மேலே பெயர் ஒட்டுவதைவிட வாங்கிய தேதியை எழுதி ஒட்டுவது முக்கியம். உள்ளே இருப்பது பாசிப்பருப்பு என்று கண்ணுக்கே தெரியும், அது எப்போது வாங்கியது என்பதுதான் தெரியாது.

அடுத்தது, பழைய அரிசியின் தலையில் புது அரிசியைக் கொட்டுவது. எங்கள் ஆச்சி வீடு திருவிதாங்கூர் காலத்தில் கட்டியது. செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1 அன்றுதானே. அந்த வீட்டில் அரிசி கொட்டிவைக்கும் பெரிய மரப்பெட்டி, அதாவது பத்தாயம், ஒன்று உண்டு. தரையில் படாமல் கால் வைத்து நிற்கும், சுவரிலிருந்தும் ஒரு கை தள்ளியே இருக்கும். புது மூட்டை வந்தால் ஆச்சி, “ஏட்டி, அடியில கிடக்கறத மொதல்ல வழிச்சு எடு, பொறவு போடு” என்பார்கள். அரிசி வண்டு முட்டையிடுவது அரிசிமணிக்கு உள்ளேயே. பழைய அரிசியில் நாலு மணி அப்படி இருந்தால் போதும், புது மூட்டை முழுக்கப் பரவிவிடும். ரவை, கடலைமாவு போன்றவற்றை வாங்கியவுடன் ஒரு வாரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்க வேண்டாம். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால்தான் உள்ளே நீர் கோக்காது. அரிசியில் வேப்பிலை போடுகிறவர்கள் பச்சையாகப் போடாமல் நிழலில் நன்றாகக் காயவைத்துப் போடுங்கள். பச்சை இலையில் இருக்கும் ஈரமே அரிசியைக் கெடுக்கும்.

அடுப்புக்கு நேர் மேலே மசாலாத் தட்டு அடிப்பதை ஏறக்குறைய எல்லா வீட்டிலும் பார்க்கிறேன். கைக்கு எட்டும், உண்மைதான். ஆனால் அந்த வீட்டின் சூடும் ஆவியும் மொத்தமாக ஏறுகிற இடம் அது. மிளகாய்த்தூள் நிறம் வெளுக்கும், மல்லித்தூள் வாசம் போகும். இதைவிடப் பெரிய கெடுதல் ஒன்று உண்டு. கொதிக்கிற சாம்பாருக்கு மேலே டப்பாவைச் சாய்த்து நேராகத் தூளைத் தட்டுவோம். அப்போது ஆவி உள்ளே போய், மூடியதும் நீராக மாறி, மறுநாள் தூள் கட்டியாக இருக்கும். அஞ்சறைப்பெட்டியை அடுப்புக்கு ஒரு பக்கமாக, எட்டும் தூரத்தில் வைத்து, உலர்ந்த கரண்டியால் எடுத்துப் போடுங்கள். ஈரக் கரண்டி ஒருமுறை பட்டாலும் போதும், சாரல் முடியும்வரை அந்தக் கிண்ணம் காயாது.

உப்பு வேறு கதை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். எஃகு டப்பாவில் வைத்தால் டப்பாவும் அரிக்கும். உப்பு, புளி, ஊறுகாய் மூன்றுக்கும் பழைய பீங்கான் பரணிதான் சரி.

வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட வேண்டாம், ஒன்றை ஒன்று கெடுக்கும். வெங்காயம் உறியில் தொங்கட்டும், கிழங்கு இருட்டில் இருக்கட்டும். எண்ணெயை ஜன்னலோரம் வைத்தால் வெளிச்சம் பட்டுச் சிக்கு வாடை அடிக்கும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே இருக்கும் இடத்தில் மளிகை வேண்டவே வேண்டாம்.

கேஸ் சிலிண்டரைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பார்வைக்கு நன்றாக இல்லை என்று அதைக் கதவு போட்ட அலமாரிக்குள் அடைக்கிறார்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கி நிற்கும். கதவின் அடிப்பக்கத்தில் காற்றுத் துளை இல்லாத அலமாரிக்குள் 14.2 கிலோ சிலிண்டரை வைப்பது ஆபத்து. மாற்று சிலிண்டரையும் படுக்கப் போடாமல் நிமிர்த்தியே வையுங்கள்.

இனி புத்தகங்கள். என் அகராதிக்கு நடந்ததற்குக் காரணம், சாரல் அடிக்கும் மேற்குச் சுவரில் அலமாரியை இடைவெளி விடாமல் ஒட்டி நிறுத்தியதுதான். வெளியே நனைகிற சுவர் உள்ளேயும் குளிர்ந்து வியர்க்கும். ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் காகிதத்தில் பூசணம் பிடிக்கும். முடிந்தால் உள்சுவர் ஓரமாக அலமாரியை வையுங்கள். வழியில்லை என்றால் சுவரிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி, தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி வைக்கலாம். ஆச்சியின் பத்தாயம் நின்ற மாதிரி.

இடத்தை மிச்சப்படுத்த இரண்டு வரிசையாக நெருக்கி அடுக்குவதும் தவறு. பின்வரிசைக்குக் காற்றே போகாது, நம் கண்ணும் போகாது. இறுக்கமாக அடுக்கிய புத்தகத்தை முதுகின் மேல்முனையில் விரல் வைத்து இழுத்தால் அங்கேதான் கிழியும். இரு பக்கத்துப் புத்தகங்களையும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டு, நடுவில் பிடித்து எடுக்க வேண்டும். ஒரு அடி நீளத்துக்கு அடுக்கிய புத்தகம் ஏறக்குறைய 10 கிலோ இருக்கும். அதனால் மூன்று அடிக்கு மேல் நடுவில் தாங்கல் இல்லாத பலகை நாளடைவில் வளையும்.

பாலித்தீன் உறை போட்டால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உள்ளே இருக்கும் ஈரத்தை அது வெளியே விடாது. தட்டில் செய்தித்தாள் விரித்தால் இராமபாணப் பூச்சிக்கு மறைவிடம் கிடைக்கும். அந்தப் பூச்சி காகிதத்தையும் பசையையும் தின்றே வாழ்வது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் பாச்சை உருண்டையையும் தவிர்த்துவிடுங்கள், மிட்டாய் என்று வாயில் போட்டுவிடும் ஆபத்து இருக்கிறது.

பூசணம் பிடித்துவிட்டால் ஈரத்துணியால் துடைப்பவர்கள் அதிகம். துடைத்தால் கறை உள்ளே இறங்கும். கடும் வெயிலில் பரப்பினால் தாள் நெளிந்து மொரமொரப்பாகிவிடும். நிழலில், காற்றாடிக்குக் கீழே பக்கங்களை விரித்து நன்றாகக் காயவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு, வீட்டுக்கு வெளியே வைத்து மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். அதுவரை மற்ற புத்தகங்களோடு சேர்க்கக் கூடாது.

அலமாரியை மொத்தமாக இறக்கித் துடைக்க நான் வைத்திருக்கும் நாள் சரஸ்வதி பூஜை. சாரல் முடிந்து அடுத்த மழை தொடங்குவதற்கு முந்தைய இடைவெளியில் வருகிறது. எங்கள் தெருவில் சில வீடுகளில் மலையாள வழக்கப்படி அஷ்டமி அன்றே புத்தகங்களைப் பூஜையில் வைத்துவிட்டு விஜயதசமி காலையில்தான் எடுப்பார்கள். அதுவரை தட்டுகள் காலியாகக் காற்று வாங்கும். போன வருஷம் நானும் அப்படியே செய்தேன். விஜயதசமி காலையில் அகராதி இருந்த மூலையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சுவர் காய்ந்திருந்தது.