மின்கட்டண உச்சவரம்பை எடுக்கும்போது எல்லோரும் சறுக்கும் இடங்கள்

மின்கட்டணம் இதற்கு மேல் போகக் கூடாது என்று அரசு வைத்த உச்சவரம்பை நீக்கிய மாதமே பில் எகிறும். உடனே ஒரு கூட்டம் 'சந்தையிடம் விட்டால் இதுதான் கதி' என்று கொதிக்கும், இன்னொரு கூட்டம் 'பொறுங்கள், போட்டி வந்தால் தானாக இறங்கிவிடும்' என்று ஆறுதல் சொல்லும். இரண்டுமே அவசரம்.

முதல் தவறு, ஏற்றம் மொத்தத்தையும் அந்த ஒரு நாளின் தலையில் கட்டுவது. அமெரிக்காவின் மேரிலாந்தில் 1999இல் சட்டம் போட்டு, பால்டிமோர் வட்டார வீடுகளுக்குக் கட்டணத்தை 6.5 சதவீதம் குறைத்து அங்கேயே நிறுத்தி வைத்தார்கள். 2006இல் அந்தக் கெடு முடியப்போகும்போது வந்த அறிவிப்பு: 72 சதவீத ஏற்றம்! நடுவில் மின்நிலையங்கள் எரிக்கும் இயற்கை எரிவாயுவின் விலை வெகுவாக ஏறியிருந்தது, வீட்டு பில்லில் மட்டும் அது தெரியவில்லை. அதனால் வரம்பு இருந்த காலத்தில் வித்தியாசத்தை யார் சுமந்தார்கள் என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அரசு கஜானாவா, விநியோக நிறுவனமா, கட்டாமலே போன புது மின்நிலையமா? யாரோ ஒருவர் சுமந்திருப்பார்.

சரி, எதிர்ப்பு கிளம்பியதும் மேரிலாந்து சட்டமன்றம் என்ன செய்தது? முதலில் 15 சதவீதம் மட்டும் உயர்த்து, மீதியைப் பல வருடங்களில் வசூலித்துக்கொள் என்று மின் நிறுவனத்திடம் சொன்னது. இதைத் தள்ளுபடி என்று நினைப்பது அடுத்த தவறு. இது தவணை, வட்டியும் அதே வாடிக்கையாளர் கணக்கில்தான்.

மின் நிறுவனங்கள் மின்சாரம் வாங்கும் மொத்தச் சந்தையையும், அவை வீடுகளுக்கு விற்கும் சில்லறைக் கட்டணத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதும் அடிக்கடி நடக்கிறது. கலிபோர்னியாவில் 2000இல் நிறுவனங்கள் மின்சாரம் வாங்கும் விலை அவிழ்த்துவிடப்பட்டிருந்தது, பெரும்பாலான வீடுகளுக்கு விற்கும் விலையோ கட்டிப்போட்டபடி இருந்தது. அதிக விலைக்கு வாங்கிக் குறைந்த விலைக்கு விற்றால் என்ன ஆகும்? மாநிலத்தின் மிகப் பெரிய மின் நிறுவனங்களில் ஒன்றான பிஜி அண்ட் ஈ 2001 ஏப்ரலில் திவால் மனு போட்டது. பாதி அவிழ்ப்பது, முழுதாகக் கட்டுவதையும் முழுதாக அவிழ்ப்பதையும் விட மோசமாகப் போகலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே மாநிலத்தில் சான் டியாகோவில் மட்டும் வீட்டுக் கட்டண வரம்பு முன்னாலேயே நீங்கியிருந்தது. 2000 கோடையில் அங்கே பில் இரண்டு மடங்குக்கு மேல் போனது. விலை ஏறினாலும் மின்சாரச் செலவை ஒருவரும் குறைக்க மாட்டார்கள் என்பவர்கள் இந்த ஊரைப் பார்க்க வேண்டும், சில வாரங்களிலேயே வீடுகள் பயன்பாட்டைப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைத்தன. ஆனால் அந்தக் குறைப்பில் எவ்வளவு வீண் செலவு, எவ்வளவு தேவையையே வெட்டியது என்பதைச் சராசரி காட்டாது. பெரிய வீட்டுக்காரர் குளிர்சாதனத்தை ஒரு மணி நேரம் முன்னதாக அணைப்பதும், சின்ன வருமானக்காரர் அதைப் போடாமலே வேர்த்துக் கிடப்பதும் கணக்கில் ஒன்றுதான்.

அப்புறம், போட்டி. புது மின்நிலையம் எழும்ப வருடங்கள் ஆகும். அதுவரை தட்டுப்பாடு இருந்தால், பெரிய விற்பனையாளர் ஒருவர் ஒரு நிலையத்தைப் 'பழுது' என்று நிறுத்தி வைத்தாலே அவருடைய மற்ற நிலையங்களின் மின்சாரத்துக்கும் விலை கூடிவிடும். கலிபோர்னியாவில் இப்படி விளையாடியதும் நடந்தது. விற்பவர்கள் எத்தனை பேர் என்று எண்ணாமல் 'சந்தை பார்த்துக்கொள்ளும்' என்பது வெறும் நம்பிக்கை.

வீட்டுக்காரர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. மொத்தச் சந்தை விலையோடு ஏறி இறங்கும் திட்டத்தை, மலிவான மாதங்களைப் பார்த்து எடுப்பது. டெக்சாஸில் 2021 பிப்ரவரிக் குளிரில் மொத்த விலை மெகாவாட் மணிக்கு 9,000 டாலர் என்ற உச்சத்தில் நாள்கணக்கில் நின்றது, அதாவது யூனிட்டுக்கு 9 டாலர். ஒன்றரை கிலோவாட் ஹீட்டர் ஒன்று ஒரு நாள் முழுக்க ஓடினால் 36 யூனிட், 324 டாலர். சிலருக்கு ஆயிரக்கணக்கான டாலர் பில் வந்தது. கையெழுத்துப் போடும் முன், நிலையான விலை எத்தனை மாதத்துக்கு, அது முடிந்ததும் தானாக எந்தத் திட்டத்துக்கு மாற்றுவார்கள் என்ற இரண்டு வரிகளையாவது தேடிப் படியுங்கள்.