மருந்துத் தட்டுப்பாடு இன்டென்ட் தாளிலேயே தொடங்குகிறது: கொள்முதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரசு மருத்துவமனையில் ஒரு மருந்து தீர்ந்துபோனால், பழி உடனே சப்ளை செய்யும் நிறுவனத்தின் மேல் விழும். பல நேரங்களில் தவறு, பல மாதங்களுக்கு முன் எழுதிய இன்டென்டில், அதாவது மருத்துவமனை அனுப்பும் மருந்துத் தேவைப் பட்டியலில் இருக்கும்.

அதில் பெரிய தவறு, இருப்பே இல்லாத நாட்களையும் சேர்த்துச் சராசரி எடுப்பது. 180 நாட்களில் 12,000 மெட்ஃபார்மின் மாத்திரை வழங்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். ஆறால் வகுத்தால் மாதத் தேவை 2,000. ஆனால் இடையில் 60 நாள் இருப்பு இல்லை என்றால், அந்த 12,000 செலவானது 120 நாட்களில். உண்மையான மாதத் தேவை 3,000. வெளியே காசு கொடுத்து வாங்கிய நோயாளியின் தேவை எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. குறைத்துக் கேட்டால் குறைவாகத்தான் வரும். மறு ஆண்டின் சராசரி இன்னும் சுருங்கும். இந்தச் சுழலை உடைக்காமல் வேறு எதைச் சரிசெய்தும் பயனில்லை. மருந்து தீர்ந்த தேதி, திரும்ப வந்த தேதி இரண்டையும் இருப்பு அட்டையில் கட்டாயம் எழுதுங்கள்.

அடுத்தது, லாரி வந்து சேர்ந்ததும் மருந்து கைக்கு வந்துவிட்டதாக எண்ணுவது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் கிடங்குகளில், வந்திறங்கும் பேட்ச் தரச்சோதனையில் தேறும்வரை தனியே வைக்கப்படும். ஊசிமருந்தில் கிருமி இல்லை என உறுதிசெய்யும் சோதனைக்கு மட்டுமே 14 நாள் ஆகும். அவசரம் என்று சோதனையைத் தாண்டிவிடக் கூடாது; அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்க வேண்டும். வந்துசேர 2 மாதம், சோதனைக்கு 1 மாதம், தாமதமானால் சமாளிக்க வைக்கும் காப்பிருப்பு 3 மாதம் என்றால், மேலே சொன்ன மெட்ஃபார்மினுக்கு 3,000 × 6 = 18,000. கையிருப்பும் வரவேண்டிய ஆர்டரும் சேர்ந்து இந்த அளவைத் தொட்டதுமே அடுத்த ஆர்டர் போக வேண்டும்.

டெண்டரில் மிகக் குறைந்த விலை சொன்ன ஒருவருக்கே முழு அளவையும் கொடுப்பது இன்னொரு ஆபத்து. அதே விலைக்கு ஒத்துக்கொள்ளும் இரண்டாவது நிறுவனத்துக்கும் ஒரு பங்கு கொடுங்கள். ஆனால் மாத்திரை, ஊசி செய்யத் தேவையான மூலமருந்தை இருவரும் ஒரே ஆலையில் வாங்கினால் அது இரண்டு வழி ஆகாது. பென்சத்தின் பென்சிலின் இதற்குச் சாட்சி. அதன் மூலமருந்தை உலகில் சில ஆலைகளே தயாரித்தன, லாபமும் சொற்பம். 2010-களின் நடுவில் பல நாடுகளில் தட்டுப்பாடு வந்தது. வாதக்காய்ச்சலால் இதயம் பாதித்த குழந்தைகளுக்கு 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் போடவேண்டிய ஊசி அது. மூலமருந்து எந்த ஆலையில் வாங்கப்படுகிறது என்பதை டெண்டர் ஆவணத்திலேயே கேட்டுவாங்குங்கள்.

பில் தொகையை மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால் நல்ல நிறுவனங்கள் அடுத்த டெண்டருக்கு வராது.

ஆண்டுத் தேவை முழுவதையும் ஒரே தவணையில் இறக்குவதும் தவறு. காலாவதிக்கு எத்தனை மாதம் மீதமிருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, தவணை தவணையாக வரவழையுங்கள். ஆக்ஸிடோசினை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். வெப்பத்தில் கிடந்தால் வீரியம் குறையும், பிரசவ ரத்தப்போக்கை நிறுத்தாது. ஆகவே ஒரு தவணையின் அளவை முடிவுசெய்யும் முன், கிடங்கின் குளிரறையில் எத்தனை பெட்டிக்கு இடம் காலியாக இருக்கிறது என்று கேளுங்கள்.