கிணற்றையும் கண்மாயையும் சேர்த்தே அளங்கள்

எங்கள் சிங்கம்புணரிப் பக்கம் கண்மாய் பெருகினால், அதன் உள்வாயை, அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பை, ஒட்டிய கிணறுகளிலும் மட்டம் ஏறும். கண்மாயில் நிற்பது மேற்பரப்பு நீர், கிணற்றில் ஊறுவது நிலத்தடி நீர் என்று பாடத்தில் பிரித்துச் சொல்வார்கள். தண்ணீர் ஒன்றுதான். மேலே ஓடுவது வேகமாகப் போகிறது, மண்ணுக்குள் இறங்கியது மெதுவாக நகர்கிறது. உங்கள் கிணற்றுக்கும் கண்மாய்க்கும் என்ன உறவு என்று நீங்களே அளந்து தெரிந்துகொள்ளலாம்.

முதலில் கிணற்றின் கைப்பிடிச் சுவரில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து பெயிண்டால் கோடு போடுங்கள். எப்போதும் அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும். அளக்கும் நேரம் விடியற்காலை, மோட்டார் போடுவதற்கு முன். இறைத்த கிணற்றில் மட்டம் தாழ்ந்திருக்கும், அந்தக் கணக்கு உதவாது. டேப்பின் நுனியில் எடை கட்டி, கடைசி சில அடிக்குச் சாக்பீஸ் தேய்த்து இறக்குங்கள். நுனி தண்ணீருக்குள் போனதும், டேப்பின் ஒரு முழு எண் கோட்டுக்கு நேராக வரும்படி பிடித்து, பிறகு தூக்குங்கள். சாக்பீஸ் எதுவரை நனைந்திருக்கிறதோ அந்த எண்ணை முழு எண்ணிலிருந்து கழித்தால் மட்டம் கிடைத்துவிடும்.

அடுத்து கண்மாய். மடைக்கல்லில் ஒரு கோடு. இந்த இரண்டு கோடுகளுக்கும் உயர வித்தியாசம் தெரியாமல் அளந்து பயனில்லை. கொத்தனார் வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய டியூப் லெவல் போதும். தூரம் அதிகமென்றால் நடுநடுவே குச்சி நட்டுக் கட்டம் கட்டமாக எடுங்கள். இதை ஒருமுறை செய்தால் போதும். மடைக்கோடு கிணற்றுக்கோட்டைவிட 2 அடி மேலே என்று வைத்துக்கொள்வோம். கண்மாய்த் தண்ணீர் மடைக்கோட்டுக்கு 3 அடி கீழே, கிணற்றுத் தண்ணீர் கிணற்றுக்கோட்டுக்கு 14 அடி கீழே. அப்படியானால் கண்மாய் மட்டம் கிணற்று மட்டத்தைவிட 13 அடி உயரத்தில் இருக்கிறது. கசிவு கிணற்றை நோக்கி வரத் தோதான நிலை. கிணற்று மட்டம் உயர்ந்திருந்தால் கதை தலைகீழ்: நிலத்தடி நீர் பள்ளத்தை நோக்கிக் கசியும். மழை நின்ற பிறகும் சில ஓடைகளில் தண்ணீர் ஓடுவது இதனால்தான்.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி கடினப்பாறை. மேலே இற்றுப்போன பாறையிலும் சரளையிலும், கீழே பாறை வெடிப்புகளிலும்தான் நீர் தங்கும். அதனால் கண்மாய் நிறைந்ததும் கரையோரக் கிணறு ஏறுவதைப் பார்த்து ஆழமான போரும் உடனே ஏறும் என்று நம்பக் கூடாது. அது வெடிப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைப் பொறுத்தது. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் கிடைத்ததை மட்டும் நம்பிப் போர் போடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

வடகிழக்குப் பருவமழை முடிந்த ஜனவரியிலும், வெயில் கொளுத்தும் மே மாதத்திலும் கட்டாயம் அளங்கள். மத்திய நிலத்தடி நீர் வாரியமும் ஜனவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களில் கண்காணிப்புக் கிணறுகளை அளக்கிறது. உங்கள் கணக்கை அதோடு ஒப்பிடலாம். கூடவே ஒன்றையும் குறித்துவையுங்கள்: இறைத்த கிணறு பழைய மட்டத்துக்கு ஊற எத்தனை மணி நேரம் ஆகிறது? வருசா வருசம் அந்த நேரம் கூடிக்கொண்டே போனால், இறைப்பைக் குறைத்து, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலில் அடைப்பு இருக்கிறதா என்று ஊரோடு போய்ப் பாருங்கள்.

அளக்கும்போது துணைக்கு ஆள் வேண்டும். பாழடைந்த கிணற்றுக்குள் எக்காரணம் கொண்டும் இறங்காதீர்கள், உள்ளே விஷவாயு இருக்கலாம்.