புது அபார்ட்மென்டில் வாடகைக்குப் போகிறீர்களா? அட்வான்ஸுக்கு முன் பார்க்க வேண்டியவை

சென்னையில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடி வீட்டைப் பார்க்கப் போனால், ஓனரிடம் முதலில் இ.பி. மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள். பெரிய கட்டடங்களுக்குப் பணி நிறைவுச் சான்றிதழ் வராமல் நிரந்தர மின் இணைப்பு கிடைக்காது. அதுவரை கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலிருந்தே வீடுகளுக்கு லைன் கொடுப்பதுண்டு. அதற்குக் கட்டணம் அதிகம். வீட்டு இணைப்புகளுக்கு உள்ள இலவச யூனிட் சலுகையும் கிடையாது. உங்கள் வீட்டுக்கென்று தனி இணைப்பு எண் இருக்க வேண்டும், கட்டண வகை வீட்டு உபயோகத்துக்கான 1ஏ என்று இருக்க வேண்டும்.

மெட்ரோ வாட்டர் வந்துவிட்டதா, போர் மட்டும்தானா, கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அது மெயின்டனன்ஸில் சேர்த்தியா என்று கேளுங்கள். எத்தனை வீட்டில் ஆள் வந்திருக்கிறது என்பதை வாட்ச்மேன் சொல்வார். பாதி காலியென்றால் மாதக்கணக்கில் மரவேலையும் டிரில் சத்தமும் இருக்கும். கைக்குழந்தை உள்ளவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

பாத்ரூமில்தான் அதிக நேரம் செலவிடுங்கள். இரண்டு பக்கெட் தண்ணீரைத் தரையில் கொட்டுங்கள். மூலையில் தேங்கினால் தரையின் வாட்டம் (சரிவு) சரியில்லை. டைல்ஸைப் பெயர்க்காமல் அதைத் திருத்த முடியாது. வடிய நேரமானால் பெரும்பாலும் வடிகாலுக்கு அடியில் உள்ள வளைவான டிராப்பில் சிமென்டும் டைல்ஸ் பொடியும் உறைந்திருக்கும். அதை பிளம்பர் எடுத்துவிடலாம். கீழ்வீடு காலியாக இருந்தால் வாட்ச்மேனைத் திறக்கச் சொல்லி, அரைமணி கழித்து அதன் கூரையைப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் மேலே நீங்கள் பார்த்த வீடு வேண்டாம். ஏசி வடிகுழாயிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சுவருக்குள் புதைத்த குழாய் சிமென்டால் அடைத்திருந்தால் முதல் கோடையிலேயே படுக்கையறையில் சொட்டும். மெயின் போர்டில், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் உடனே டிரிப் ஆக வேண்டும்.

புதுப் பூச்சு உள்ளுக்குள் காய நாளாகும். அவசரமாகப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்த சுவரில் ஓதம் (ஈரம்) பூத்துப் பெயின்ட் உதிரும். பீரோவை நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். பீமும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் மயிரிழை விரிசல் வருவது சகஜம். விரல் நுழையும் அளவென்றால் சகஜமில்லை.

இந்த ஓதத்துக்கும் விரிசலுக்கும் காலி செய்யும்போது உங்கள் அட்வான்ஸில் பிடிப்பது அநியாயம். அதனால் ஒப்பந்தத்திலேயே "கட்டுமானக் குறைகள் ஓனர் பொறுப்பு, வாடகைதாரர் தெரிவித்த 15 நாளில் சரிசெய்யப்படும்" என்று ஒரு வரி சேருங்கள். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் 2017, 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ளது. அது சொல்லும் அட்வான்ஸ் அளவு மூன்று மாத வாடகை. காலி செய்த ஒரு மாதத்துக்குள் அதைத் திருப்பித் தரவும் சொல்கிறது. ஒப்பந்தத்தை வாடகை ஆணையத்தில் பதிந்து பதிவு எண் வாங்கிக்கொள்ளுங்கள். சாவி வாங்கும் அன்றே மீட்டர் ரீடிங்கையும் ஒவ்வொரு சுவரையும் படமெடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். குடிபோன முதல் வாரம் குழாய் முனை வலைகளைக் கழற்றி மணலைக் கழுவுங்கள். மேல்நிலைத் தொட்டியைக் கட்டுமானம் முடிந்தபின் கழுவினார்களா என்றும் கேட்டுவிடுங்கள்.