தத்தெடுக்கும் நண்பர்களுக்கு என்ன பரிசு கொடுக்கலாம்?

நண்பர்கள் இரண்டு மூன்று வயதுக் குழந்தையைத் தத்தெடுக்கிறார்களா? பொம்மைக் கடைக்கு ஓடும் முன் அவர்களிடமே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், ஏனென்றால் புது வீடு, புது முகங்கள் என்று ஏற்கெனவே மிரண்டு போயிருக்கும் குழந்தைக்கு ஒரே நாளில் பொம்மைகள் வந்து குவிந்தால் திணறல்தான். உடையும் வேண்டாம், அளவு பெரும்பாலும் சரியாகத் தெரிந்திருக்காது.

என்னைக் கேட்டால் ஆல்பம்தான் நல்ல பரிசு. ஆனால் பிறந்த எடை, முதல் பல், முதல் அடி என்று தலைப்பு அச்சடித்து வருகிறதே, அந்த வகை வேண்டவே வேண்டாம்; பாதிப் பக்கம் காலியாகக் கிடக்கும், பெற்றோருக்கும் சங்கடம், பின்னால் புரட்டிப் பார்க்கும் பிள்ளைக்கும் சங்கடம். கெட்டி அட்டையில், வெற்றுப் பக்கங்கள் உள்ளதாக வாங்குங்கள். குழந்தை இதுவரை வளர்ந்த இடம், பார்த்துக்கொண்டவர்கள் படம் கிடைத்தால் அதையும் ஒட்டலாம். கொஞ்சம் முன்கூட்டியே கொடுத்தால் புது அம்மா, அப்பா, வீடு, படுக்கை படங்களை வைத்து, குழந்தை வருவதற்கு முன்பே காட்டிப் பழக்கவும் உதவும்.

அப்புறம், வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருந்தால் அதற்கும் சின்னதாக ஏதாவது. முதல் சில வாரம் குழந்தை பெற்றோரிடம் ஒட்டிக்கொள்ள வேண்டிய நேரம், அதனால் சமைத்த சாப்பாட்டை வாசலில் கொடுத்துவிட்டு, தூக்கிப் பார்க்கிறேன் என்று கேட்காமல் கிளம்பிவிடுங்கள்.